கேட்கக் கூடாத தண்ணீர்

மின்யிலாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்கிறேன் என்றாலே அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். செத்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. இந்நேரம் அவள் டவுனில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் விடுதியில், கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மேற்கே பார்த்துக்கொண்டிருப்பாள். மேற்கே ஒரு பெட்ரோல் பங்கும் ஒரு டயர் கடையும்தான் தெரியும். ஆனாலும் பார்ப்பாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டு ரத்தத்தைக் கழுவுகிறார்கள்.

எனக்கு அவள் அத்தை முறை. என் அண்ணன் ஹெக்டருக்கு மாமியார். மருமகனைவிட மாமியார் பத்து வயது இளையவள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்களில் பெண் பிறக்கும் முன்பே சம்பந்தம் பேசி முடித்துவிடுவார்கள். மின்யிலா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூக்கொழுக உட்கார்ந்திருந்தபோதே, "உனக்குப் பெண் பிறந்தால் ஹெக்டருக்கு" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, தாயாவதற்குப் பல வருஷம் முன்பே அவள் மாமியாராகிவிட்டாள். பிறகு லொரெய்ன் பிறந்து, வளர்ந்து, அண்ணனைக் கட்டிக்கொண்டாள். என்னைவிடப் பதினோரு வயது சின்னவள், எனக்கு அண்ணி. மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

எங்கள் முறைப்படி மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, ஒருவர் நிழல் மற்றவர்மேல் விழக் கூடாது. பகை ஒன்றுமில்லை. பெண்ணைக் கொடுத்தவளுக்கு அவன் காட்டும் மரியாதை அது. அவள் எதைக் கேட்டாலும் அவன் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவனிடம் கேட்பது மானக்கேடு என்பதால் அவள் எதையும் கேட்கவே கூடாது. வேட்டையில் கிடைத்த நல்ல கறியை அவன் பெண்டாட்டி கையில் கொடுத்தனுப்புவான். அவள் யார் கொடுத்தது என்று விசாரிக்காமல் சாப்பிடுவாள். பாலைவனம் முழுக்க எங்களுடையதாக இருந்தபோது இதில் ஒரு சிரமமும் இல்லை. அவன் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். முதலில் ஒட்டகங்களோடு வந்தான். ஒரு குடும்பம் பல நாள் வைத்துக் குடிக்கும் ஊற்றை அவன் ஒட்டகங்கள் ஒரு சாயங்காலத்தில் உறிஞ்சிவிட்டுப் போயின. அப்புறம் மாடு வந்தது, கம்பிவேலி வந்தது. கடைசியில், இந்தப் பக்கமாக வானத்தில் ராக்கெட் விடப் போகிறோம், உங்கள் தலையில் விழும் என்று சொல்லிக்கொண்டு லாரி வந்தது. மழை பொய்த்திருந்த சமயம். லாரியில் மாவும் சர்க்கரையும் டின் கறியும் இருந்தன. மின்யிலாவின் அப்பா சர்க்கரையை நக்கிப் பார்த்துவிட்டு, சரி, நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு ஏறினாராம். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. லாரி கொண்டுபோய் இறக்கிய அரசாங்கக் குடியிருப்பிலேயே அவர் செத்துப்போனார். அந்தச் சர்க்கரைதான் எங்களில் பாதிப் பேரின் கிட்னியைத் தின்றது. யோசித்தால் வயிறெரிகிறது, அதனால் நான் அதிகம் யோசிப்பதில்லை.

லாரி ஏறியபோது மின்யிலாவுக்கு ஐந்து வயதிருக்கும். அவள் பிறந்த இடம் யல்தாரா. பாறையில் ஒரு குழி, அதில் தண்ணீர், அவ்வளவுதான் யல்தாரா. அவளுக்கு அதைப் பற்றி ஒரே ஒரு நினைவு உண்டு. பாறைமேல் குப்புறப் படுத்து, வாயைத் தண்ணீரில் வைத்துக் குடித்தது. வயிற்றுக்குக் கீழே பாறை சுட்டதாம், உதட்டில் தண்ணீர் சில்லென்றிருந்ததாம். இதை அவள் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். எப்போது சொன்னாலும் குரல் இறங்கிவிடும். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும், கேட்ட பிறகு தாங்காது.

சும்மா வண்டி எடுத்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வர முடியாதா என்று கேட்கலாம். முடியாது. எங்கள் தண்ணீருக்கு மூக்கு உண்டு. தெரியாத வாசனையோடு போய் நின்றால் அது கோபித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும், போனவர் படுக்கையில் விழுவார். அந்தத் தண்ணீருக்குத் தெரிந்த ஒருவர் தன் அக்குள் வேர்வையை எடுத்து நம் உடம்பில் தேய்த்து, இன்னார் வந்திருக்கிறார் என்று குரல் கொடுக்க வேண்டும். மின்யிலா அங்கே பிறந்தவள்தான். ஆனால் ஐந்து வயதில் போனவள், ஐம்பது வருஷமாக மாவும் சோப்பும் மருந்தும் நாறுகிறாள். அவளை அது எப்படி அடையாளம் கண்டுகொள்ளும்? யல்தாராவுக்குத் தெரிந்தவர்களில் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஆள். என் அண்ணன் ஹெக்டர். அவருக்கு அது அம்மா வழித் தண்ணீர். எனக்கும் அவருக்கும் அப்பா ஒன்று, அம்மா வேறு, அதனால் எனக்கு அங்கே சொந்தம் கிடையாது.

ஆக, உலகத்திலேயே மின்யிலாவை அவள் தண்ணீரிடம் கூட்டிப்போகக் கூடிய ஒரே மனிதர், அவள் முகம்கூடப் பார்க்கக் கூடாத மனிதர். அவரிடம்தான் அவள் எதையும் கேட்கவும் கூடாது.

இந்த லட்சணத்தில் இருவரையும் எதிரெதிர் வீட்டில் குடிவைத்தார்கள். வீடு கட்டிக் கொடுத்த அதிகாரி நல்ல மனுஷன். மகளும் மருமகனும் பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கு உதவியாக இருக்குமே என்று நினைத்தான். வாசலுக்கு நேர் வாசல், நடுவே ஆறடிச் சிமென்ட் பாதை. மின்யிலா வாசல் கதவை உள்ளிருந்து தகரம் வைத்து அடைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் போய்வந்தாள். அதிகாரி ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, கதவுதான் ரிப்பேர் என்று ஆளை அனுப்பிப் புதுக் கீல் போட்டுக் கொடுத்தான். அவள் அந்தக் கதவையும் அடைத்தாள்.

கடையில் ஒரு நாள் நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிப்போம். மின்யிலா உள்ளே நுழைகிற நேரம் அண்ணன் டின் கறி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் காலைப் பார்த்ததும் டின்னைப் போட்டுவிட்டு, குளிர்பதன அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவளோ எந்தத் தேயிலை வாங்குவது என்று ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, சீக்கிரம் எடு," என்றேன். "ஏதோ ஒரு தேயிலை."

"ஏன், உனக்கென்ன அவசரம்?"

"எனக்கொண்ணும் இல்ல. உள்ள ஒருத்தர் கோழியோட கோழியா உறைஞ்சிட்டு இருக்காரு."

அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் தேயிலையை மறந்துவிட்டாள். மறுநாள் லொரெய்ன் கையில் ஒரு பொட்டலம் தேயிலை வந்தது. யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை.

இப்படியே இருபது வருஷம் போயிற்று. அப்புறம் கிட்னி. குடியிருப்பில் அந்த இயந்திரம் கிடையாது, டவுனுக்குத்தான் போக வேண்டும், போனால் சாகிற வரைக்கும் அங்கேதான். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி, கோடு போட்ட பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றைக் கொடுத்தார்கள். நான் மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். உடும்புக் கறி சுட்டு எடுத்துப் போவேன். போன குளிர்காலத்தில் போயிருந்தபோது அவள் கறியைத் தொடவில்லை.

"மேபல், எனக்கு யல்தாராத் தண்ணி குடிக்கணும்."

"உனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர். அது எந்தத் தண்ணியா இருந்தா என்ன?" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "உன்கூடப் பொறந்தவர்கிட்ட நான் கேக்கறேன்னு சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை, கேட்டா மானம் போயிடும்னு நீதானே சொல்லுவ?"

"கிட்னியே போயிடுச்சு. மானத்தை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் வீட்டுக்கு வெளியே நெருப்பில் கங்காரு வாலைப் புரட்டிக்கொண்டிருந்தார். வாலை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?" என்றார்.

"நீங்க ஏண்ணே கூப்பிடல?"

"அது அவங்க அப்பா தண்ணி. வீட்டுக்காரங்க வெளியில நிக்கறப்ப நான் மட்டும் எப்படி உள்ள போறது? எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அவங்களுக்குத்தான் போக மனசில்லன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு மனசில்லன்னு அவங்க நெனச்சிட்டிருக்காங்க."

அவர் வாலை எடுத்து மறுபடியும் நெருப்பில் போட்டார். அது ஏற்கெனவே கருகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. ஒன்றாக உட்காரவைக்கத்தான் வழியில்லையே.

இயந்திரத்தில் ஒரு முறை தவறவிட்டால்தான் போய்த் திரும்ப முடியும். ஒரு தடவை தவறினால் உடம்பு தாங்கலாம், இரண்டு தடவை தவறினால் என்னைக் கேட்காதீர்கள் என்றாள் நர்ஸ். டவுனிலிருந்து அத்தையை நான் கூட்டி வந்தேன். குடியிருப்பில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே வண்டி, பின்னால் திறந்த தட்டு வைத்தது. நோயாளியைப் பின்னால் ஏற்ற முடியாது. அதனால் நான் ஓட்ட, அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்புறக் கண்ணாடி ஜன்னலில் துண்டைக் கட்டினேன், உள்கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். அண்ணன் பின்தட்டில், போர்வை மூட்டைகளுக்கு நடுவே, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். லொரெய்ன் அவர் பக்கத்தில். வழி தெரிந்த ஒரே ஆள் பின்னோக்கி உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் கடந்து வந்த இடத்தைத்தான் அவரால் பார்க்க முடியும்.

பின்னாலிருந்து தகரத்தில் அண்ணன் கையால் டமார் என்று ஓர் அடி விழும். லொரெய்ன் தலையை நீட்டிக் கத்துவாள். "ரெட்டை மேட்டுக்கிட்ட வடக்கால திரும்பணுமாம்."

"எந்த ரெட்டை மேடு?"

"இப்பத் தாண்டினோமே, அதுதானாம்."

"தாண்டறதுக்கு முன்னாடி சொன்னா ஆகாதா அண்ணி? உங்க வீட்டுக்காரருக்கு முதுகுல கண்ணு வேணும்னு சாமிகிட்ட வேண்டிக்கச் சொல்லுங்க."

வண்டியைத் திருப்புவேன். மேலும் ஒரு டமார். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்கவைக்காதடி, மூச்சு வாங்குது." அவள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் தொடவில்லை. உதடு வெடித்திருந்தது. டம்ளரை நீட்டினால் தள்ளிவிட்டு, "சேத்து வச்சிருக்கேன்" என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு டமார் டமார் என்று விடாமல் அடித்தார். நிறுத்தினேன். முள்புல்லும் மணலும்தான் தெரிந்தன. அண்ணன் இறங்கி முள்புல்லுக்குத் தீ வைத்தார். செத்துப்போன பெரியவர்கள் புகையைப் பார்த்து, நாங்கள் வருகிறோம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்கு. அத்தை வண்டியின் மறுபக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் லொரெய்னுக்கும் தன் வேர்வையைப் பூசிவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் கூட்டிப்போனார்.

பாறை இருந்தது, குழி இருந்தது. மூடிவைத்திருந்த தட்டைக்கல்லைக் காட்டு ஒட்டகங்கள் எப்போதோ புரட்டித் தள்ளியிருந்தன. குழி நிறைய மணல், சாணம், ஓர் ஒட்டகக் குட்டியின் எலும்பு. மழை முடிந்ததும் உள்ளே இறங்கி மணலை அள்ளிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், அப்போதுதான் தண்ணீர் நிற்கும். ஐம்பது வருஷமாக அந்த ஆள் வரவில்லை. அண்ணன் குழி ஓரத்தில் மண்டியிட்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், என் தண்ணீர் இல்லாவிட்டாலும்.

பிறகு அவரும் லொரெய்னும் பால்பவுடர் டின்னால் தோண்டினார்கள். நாற்றம் பிடித்த மேல்மணல் போய், கறுத்த ஈரமணல் வந்தது. இருட்டுகிற நேரத்தில் பாறை வெடிப்பிலிருந்து மெல்லக் கசிந்தது. காலை வரை தெளியட்டும் என்றார் அண்ணன். அத்தை அந்த இரவும் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு சங்கடம். குளிர்காலம், பொழுது இப்போதுதான் விடிந்திருக்கிறது, வேர்வைக்கு எங்கே போவது? அண்ணன் முட்டிவலிக்காரர். எதிரே இருந்த மணல்மேட்டில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மூச்சிரைத்துக்கொண்டு வந்து சட்டையைக் கழற்றினார். அத்தையைத் தொடுகிற பேச்சே இல்லை. லொரெய்ன் அவர் அக்குளில் இரண்டு கையையும் தேய்த்து எடுத்துக்கொண்டு, சிந்தாமல் கொள்ளாமல் நடந்து போய், தன் அம்மாவின் முகத்திலும் தோளிலும் வயிற்றிலும் பூசினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மருமகனுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி, முதுகைத் திருப்பி நின்று குரல் கொடுத்தார்.

"நான்தான் வந்திருக்கேன். கிழவனாயிட்டேன். உன் பொண்ணைக் கூட்டியாந்திருக்கேன். பேரை நான் சொல்லக் கூடாது, உனக்கே தெரியும். மாவு வாசனை அடிக்கும், மருந்து வாசனை அடிக்கும், அதையெல்லாம் பாக்காத. உள்ள உன் வாசனைதான்."

லொரெய்ன் கோடு போட்ட டம்ளரை எடுத்தாள். அத்தை அதை வாங்கவில்லை. கையை ஊன்றி, மெல்ல மெல்லப் பாறைமேல் குப்புறப் படுத்து, வாயைத் தண்ணீரில் வைத்தாள்.

குடித்தாள். மூச்சு வாங்க நிமிர்ந்து மறுபடி குனிந்தாள்.

"அம்மா, போதும்," என்றாள் லொரெய்ன்.

அவள் நிறுத்தவில்லை.

"அம்மா, ரெண்டு டம்ளருக்கு மேல போயிடுச்சு. அம்மா."

மேட்டுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. அவர் மாமியாரிடம் பேசவில்லை, பெண்டாட்டியிடமும் பேசவில்லை. தண்ணீரிடம் பேசினார். "கணக்குப் பாக்காமக் குடு. அவங்களோடதுதானே."

லொரெய்ன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

எழுந்து உட்கார்ந்தபோது அத்தையின் முகவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒட்டகம் நாறுது," என்றாள். சிரித்தாள், பிறகு அழுதாள். பாறையைக் கையால் தடவிக்கொண்டே அழுதாள். அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அண்ணனும் லொரெய்னும் தட்டைக்கல்லைப் புரட்டி வந்து குழியை மூடினார்கள்.

திரும்பும் வழியில் அத்தையின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. டவுனுக்குள் நுழைந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டேன். நர்ஸ் அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கிறதா என்று என்னைத்தான் திட்டினாள். திட்டிக்கொண்டே ஊசிகளைக் குத்தி இயந்திரத்தை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அத்தைக்கு மூச்சு சீரானது. அவள் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேபல், இது என்கிட்டேர்ந்து எடுக்கற தண்ணியெல்லாம் எங்க போகுது?"

நர்ஸிடம் இங்கிலீஷில் கேட்டேன். குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும் என்றாள். அதை அப்படியே அத்தைக்குச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் வீங்கிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவகிட்ட சொல்லு. டவுன் தண்ணி எவ்வளவு இருக்கோ அத்தனையும் எடுத்துக்கட்டும். அந்தத் தண்ணியை மட்டும் உள்ள விட்டுடச் சொல்லு."

சொன்னேன். நர்ஸ் திட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் தணிந்த குரலில், "எந்தத் தண்ணி எதுன்னு இதுக்குத் தெரியாதேம்மா," என்றாள்.

"என்ன சொல்றா?" என்றாள் அத்தை.

"விட்டுடறாளாம்," என்றேன்.

அவள் என் கையை விட்டாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.